பெங்களூரா பக்கம் விழுந்த அல்போன்சா

கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது என் கையில் புள்ளியியலில் ஒரு எம்.எஸ்சி. பட்டம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கணவருக்குப் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. மத்திகிரியில் வரிசை வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். நாங்கள் இருவரும் சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், மாடியில் தஞ்சாவூர்த் தமிழ். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் பேச்சில்லாமல் சில மாதங்கள் போயின.

கிருஷ்ணகிரி போகும் சாலையில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலை. அங்கே லேபுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கெமிஸ்ட்ரி இல்லியாம்மா?"

"இல்ல சார். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்."

"மாம்பழத்துக்கு அது என்னாத்துக்கு?"

பக்கத்தில் நின்ற லேப் மேனேஜர்தான் காப்பாற்றினார். சேலத்துக்காரர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். எதையும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார். "டெய்லி ஏகப்பட்ட ரீடிங் வருதுங்க சார். ஒழுங்கா பதிஞ்சு வெக்க ஆள் வேணும். டெஸ்ட் பண்றத நான் சொல்லிக் குடுத்துக்கறேன்" என்றார். அப்படித்தான் உள்ளே நுழைந்தேன்.

அங்கே இரண்டு பழங்களுக்குத்தான் மரியாதை. ஒன்று அல்போன்சா. மணமும் நிறமும் உள்ள, விலை கூடிய பழம். சீசனின் தொடக்கத்தில் வந்து சீக்கிரமே முடிந்துவிடும். மற்றது பெங்களூரா. மூக்கு நீண்ட பழம், இந்த மாவட்டம் முழுக்க விளைவது. மழை பிடித்த பிறகும் லாரி லாரியாக வந்துகொண்டே இருக்கும். இரண்டும் காயாகத்தான் கேட்டுக்குள் நுழையும். பழுக்க வைக்கும் அறைகளில் சில நாள் கிடந்து கனிந்ததும் கழுவி, பெண்கள் மேசையில் பொறுக்கி, எந்திரத்துக்குள் அனுப்புவார்கள்; அதற்கு 'ஓட்டுவது' என்று பேச்சு. கூழ் சூடாகி, கிருமி நீக்கிய பைகளில் நிரம்பி, டிரம்மில் மூடப்பட்டு வெளியே போகும். பின்னால் யாராவது புகார் சொன்னால் எடுத்துப் பார்ப்பதற்காக ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஒரே ஓட்டத்தில் நிரப்பிய கூழிலிருந்தும், ஒரு சின்னப் பை லேபிலேயே தங்கும்.

எனக்கு இனிப்பு பார்க்க வேண்டும், புளிப்பு பார்க்க வேண்டும், கூழ் எவ்வளவு கெட்டி என்று பார்க்க வேண்டும். நிறத்துக்கு ஒரு கருவி இருந்தது. அதன் கண்ணாடிக்குக் கீழே கூழை வைத்தால் வெளிச்சம், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று எண்களைக் கொடுக்கும். எல்லாம் குறித்த எல்லைக்குள் இருந்தால் மேனேஜர் கையெழுத்துப் போடுவார். லாட் பாஸ்.

பழுக்க வைக்கும் அறைகளுக்குப் பொறுப்பாக ஓர் அண்ணன் இருந்தார். கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, தோட்டக்காரர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். ஒரே மூச்சில் மூன்றிலும் திட்டுவார். நான் சேர்ந்த புதிதில், எந்த லாரி எந்தத் தோட்டத்துப் பழம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நான் அவரை எங்கள் ஊர் வழக்கப்படி "அண்ணே" என்பேன். அதைக் கேட்டால் சிரிப்பார்.

மூன்றாவது சீசனில் புகார் வந்தது. எங்களிடம் கூழ் வாங்கும் ஒரு ஜூஸ் கம்பெனியிலிருந்து. அல்போன்சா என்று நீங்கள் அனுப்பிய டிரம்களில் பெங்களூரா கலந்திருக்கிறது, மணமில்லை, ருசி தட்டையாக இருக்கிறது என்றார்கள்.

முதலாளி லேபுக்குள் வந்து கதவைச் சாத்தினார். அவர் லேபுக்கு வருவதே அபூர்வம். கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

"என் கேட்டுக்குள்ள அல்போன்சா வந்திச்சு. நான் கண்ணால பாத்தேன். வெளிய பெங்களூரா போயிருக்குதுன்னா நடுவுல எவனோ மாத்திகினு இருக்கான்" என்றார்.

மேனேஜர் திறந்திருந்த ரிஜிஸ்டரை மூடி வைத்தார்.

"பழுக்க வெக்கிற ரூமுக்கு யாரு பொறுப்பு? அவன் மச்சான் மண்டி வெச்சிருக்கான், தெரியுமா? இங்கருந்து அல்போன்சா அங்க போவும். அங்கருந்து பெங்களூரா இங்க வரும். யாரு கேக்கறது?"

அதுவரை அந்த அண்ணனுக்கு மண்டிக்கார மச்சான் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, தெரியாமல் இருந்த காலத்தில் பார்த்ததெல்லாம் வேறு மாதிரி ஞாபகம் வரத் தொடங்கியது. அறைகளுக்குப் பின்னால் நின்று அவர் போனில் தாழ்ந்த குரலில் தெலுங்கில் பேசியது. ஒரு டெம்போ தார்ப்பாய் மூடி வெளியே போனது. எனக்கே ஒரு தடவை பை நிறையப் பழம் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டு போம்மா" என்றது. அப்போது அது அன்பாகத் தெரிந்திருந்தது.

முதலாளி போனதும் மேனேஜர், அந்த லாட்டுகளின் ரீடிங்கைக் கம்ப்யூட்டரில் எடுக்கச் சொன்னார். எல்லாம் எல்லைக்குள் இருந்தன; எடுத்து வைத்திருந்த சின்னப் பைகளைத் திறந்து சோதித்தபோதும் அதே எண்கள்தான். "பாருங்க, எல்லாம் பாஸ். நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

"ஒவ்வொன்னையும் தனியாப் பாத்தா பாஸ்தான் சார். சேத்துப் பாத்தா வேற மாதிரி இருக்கலாம்" என்றேன்.

அதைச் சொன்னபோதுதான் கல்லூரியில் படித்த ஒரு கணக்கு நினைவுக்கு வந்தது. டிஸ்கிரிமினன்ட் அனாலிசிஸ் என்று பெயர். தெரிந்த இரண்டு கூட்டங்களை முன்னால் வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒன்று எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் முறை. பூவிதழ்களின் நீள அகலத்தை வைத்து எங்களுக்கு நடத்தினார்கள். கடன் கேட்பவரை வங்கி பிரிப்பதும், நோயாளியை டாக்டர் பிரிப்பதும், வயல் படத்தைப் பார்த்துப் பயிரைப் பிரிப்பதும் இதே கணக்குதான் என்று சொன்னார்கள். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோயிருந்தேன்.

மேனேஜருக்கு அதை இப்படி விளக்கினேன். "மத்திகிரி ஸ்டாப்பிங்ல ஒருத்தர் நிக்கறாரு சார். உள்ளூரா, எங்க ஊர்ப்பக்கமான்னு சொல்லணும். சட்டைய மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. கையில இருக்கற டிபன் கேரியர வெச்சும் முடியாது. 'வந்துட்டு'ன்னு சொல்றாரா, 'வந்துகினு'ன்னு சொல்றாரான்னு மட்டும் பாத்தாலும் தப்பாப் போகலாம். ஆனா எல்லாத்தையும் சேத்து, எதுக்கு எவ்வளவு மதிப்புன்னு தெரிஞ்சு பாத்தா முக்காவாசி சரியாச் சொல்லிரலாம். இந்தக் கணக்கு அந்த மதிப்பத்தான் கண்டுபிடிக்கும்."

அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "போட்டுப் பாருங்க. ஆனா வெளிய பேசாதீங்க" என்றார்.

முந்தைய சீசன்களில் யாரும் குறை சொல்லாத அல்போன்சா லாட்டுகள் ஒரு குவியல். பெங்களூரா லாட்டுகள் ஒரு குவியல். இனிப்பு, புளிப்பு, கெட்டி, நிறத்தின் மூன்று எண்கள். கணக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைக் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டது. அந்தக் கோடு சரியா என்று பார்க்க, குவியலில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்த லாட்டுகளைக் கொடுத்தேன். அநேகமாக எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. பிறகுதான் புகார் வந்த லாட்டுகளைக் கொடுத்தேன்.

முக்கால்வாசி பெங்களூரா பக்கம் விழுந்தன.

எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை. படித்த படிப்பு முதன்முதலாக ஏதோ ஒன்றைச் செய்திருந்தது. அதே நேரத்தில் அந்த அண்ணனின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மேனேஜர் என்னை முதலாளி அறைக்கு அழைத்துப் போனார். முதலாளி திரையில் இருந்த இரண்டு நிறப் புள்ளிகளையும், நடுக்கோட்டையும், தப்பான பக்கத்தில் கிடந்த புள்ளிகளையும் பார்த்தார்.

"அப்ப கலப்படம்தான்."

"கலந்திருக்குன்னு இது சொல்லல சார். அந்தப் பக்கம் விழுதுன்னுதான் சொல்லுது."

"ரெண்டும் ஒன்னுதானேம்மா." கொஞ்சம் பொறுத்து, "யாருன்னு இதுல வராதா?" என்று கேட்டார்.

"வராது சார்."

"பரவால்ல. அது எனக்குத் தெரியும்" என்றார்.

அன்றைக்கே அந்த அண்ணனைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். வெளியே போகும்போது அவர் லேப் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"கம்ப்யூட்டர்ல என் பேரு வந்திச்சாம்மா?"

"இல்லண்ணே. அதுல பேரெல்லாம் வராது. பழத்தத்தான் பிரிக்கும்."

"அப்படியா? பழத்தப் பிரிச்சா நான் எப்படிம்மா வெளிய போறேன்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று ஒரு மனம் சொன்னது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டில் எது என்னுடையது, எது முதலாளி சொல்லி ஏறியது என்று பிரிக்க முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து தொழிற்சாலையின் காற்றே மாறிவிட்டது. லேபில் கம்ப்யூட்டரை வைத்துத் திருடனைப் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. நான் பொறுக்கும் மேசைப் பக்கம் போனால் தமிழில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் தெலுங்குக்கு மாறினார்கள். கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்பவர்கள் குறைந்தார்கள். எங்கோ தெற்கிலிருந்து முதலாளி கொண்டுவந்து வைத்த ஆள் என்று என்னைச் சொல்வதாகக் காதில் விழுந்தது. என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசித்தேன். சிரிக்காவிட்டாலும் யோசித்தேன்.

வீட்டில் கணவர் வேறு. "அந்தாளு மேல சந்தேகம்னா போலீசுக்குப் போவட்டும். நீ எதுக்கு நடுவுல நிக்க? நாளைக்கு அந்தாளு இல்லன்னு தெரிஞ்சா, நம்ம பேரத்தான் சொல்லுவாங்க" என்றார். 'நம்ம பேர்' என்று அவர் சொன்னதுதான் உறுத்தியது. இந்த ஊரில் நாங்கள் வந்தவர்கள். அந்த அண்ணன் இந்த மண்ணில் பிறந்தவர்.

அந்த நாட்களில் ஒன்றில்தான், கணக்கின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. காரணம் ஒரு தக்காளி. கேன்டீனுக்கு ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து தக்காளி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஏதோ நினைப்பில் ஒன்றை எடுத்து வந்து, லேப் மிக்ஸியில் அடித்து, மாங்கூழுக்குச் செய்யும் எல்லாச் சோதனையும் செய்து, அந்த எண்களைக் கணக்கிடம் கொடுத்தேன். கணக்கு தயங்கவே இல்லை. பெங்களூரா என்றது.

அதற்குத் தெரிந்தது இரண்டே குவியல்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டில் ஒன்றில் போட்டே ஆக வேண்டும். 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல அதற்கு நாங்கள் இடமே வைக்கவில்லை. அப்படியானால் அந்த டிரம்களில் இருந்தது பெங்களூரா என்று எப்படிச் சொல்வது? அது அல்போன்சா மாதிரி இல்லை என்பது வரைக்கும்தான் உண்மை. அல்போன்சா மாதிரி இல்லாமல் போவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. சாயங்காலம் கம்பெனி வேனில், பொறுக்கும் மேசையில் பல வருடம் நின்ற ஓர் அக்காவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் உட்கார்ந்ததும் அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். சும்மா வெயிலைப் பற்றி, அவர் மகள் படிப்பைப் பற்றிப் பேசினேன். ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. கடைசியில் நேராகவே கேட்டேன்.

"அக்கா, அந்தப் புகார் வந்த வாரம் மேசையில பெங்களூரா வந்துச்சா?"

அவர் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார். "இத யாரு கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. எனக்குத்தான் தெரியணும்."

"மூக்கு நீட்டுன பழத்தப் பாத்தா எங்களுக்குத் தெரியாதா? ஒன்னு வரல. எல்லாம் அல்போன்சாதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அந்த வாரம் பழம் கல்லாட்டம் இருந்திச்சு. மேல மஞ்சளு, உள்ள வெளுப்பு. கத்தி எறங்கல" என்றார்.

"அப்புறம் ஏன்க்கா விட்டீங்க?"

"நாங்க யாரும்மா நிறுத்தறதுக்கு? ஓட்டுன்னாங்க, ஓட்டினோம்."

"யாரு ஓட்டச் சொன்னா?"

அதற்குள் அவர் முன் சீட்டுப் பெண்ணிடம் தெலுங்கில் ஏதோ கேட்கத் தொடங்கிவிட்டார். இறங்கும் வரை என் பக்கம் திரும்பவில்லை.

அல்போன்சா சீசன் முடியும் தறுவாயில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கூட்டிக்கொண்டு போய், நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் தேடித் தேடி, தோல் மஞ்சளாகி உள்ளே கனியாத அல்போன்சா வாங்கினேன். கடைக்காரர் நல்ல பழத்தை எடுத்து எடுத்துக் காட்டினார். நான் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, "இன்னும் கெட்டியா வேணும்" என்றேன். அவர் என் கணவரைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நன்றாகக் கனிந்ததிலும் கொஞ்சம் வாங்கினேன். பெங்களூராவிலும் வாங்கினேன்.

"நாள் பூரா மாம்பழத்துக்குள்ள கெடந்துட்டு வார. வீட்லயும் அதானா?" என்றார் கணவர். ஆனாலும் தோல் சீவித் தந்தார். வீட்டு மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன். சூடாக்காத கூழின் நிறம் வேறாக இருக்கும். கனிந்த அல்போன்சா, கனியாத அல்போன்சா, பெங்களூரா என்று தனித்தனி டப்பாவில் எடுத்து வைத்தேன். கனியாத பழத்தில் பாதியை அரிசிப் பானைக்குள் போட்டு, கனிந்த பிறகு அதையும் அடித்துக்கொள்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் லேபில் சோதனை செய்தேன். கனிந்த அல்போன்சா அதன் பக்கம் விழுந்தது. பெங்களூரா அதன் பக்கம் விழுந்தது. வீட்டில் செய்த முறையால் எண்கள் கெட்டுவிடவில்லை என்று தெரிந்தது. கனியாத அல்போன்சா பெங்களூரா பக்கம் விழுந்தது. அதில் கனிந்ததைக் கொஞ்சம் கலந்து வைத்துப் பார்த்தபோது, தனித்தனி எண்கள் எல்லாம் எல்லைக்குள் வந்தன. ஆனால் சேர்த்துப் பார்த்தால் கோட்டைத் தாண்டிப் பெங்களூரா பக்கம்தான். அப்படியே அந்தப் புகார் லாட்டுகளின் எண்கள். சில நாள் கழித்து, பானையில் கனிந்த பழத்தை அடித்துக் கொண்டுபோனேன். அது திரும்ப அல்போன்சா பக்கம் வந்துவிட்டது.

மேனேஜரிடம் காட்டினேன். அவர் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க பண்ணது சரிங்கம்மா. ஆனா இத எடுத்துகிட்டு சார்கிட்ட போனா, அடுத்த கேள்வி என்னா?"

"கனியறதுக்கு முன்னாடி யாரு ஓட்டச் சொன்னாங்கன்னு."

"அவருதான் சொன்னாரு."

முதலாளியா என்று கேட்டேன். தலையாட்டினார்.

"லாரி ரோடு வரைக்கும் நின்னுச்சு. ரூம் எல்லாம் ஃபுல். கலர் வந்துடுச்சில்ல, ஓட்டுங்கடான்னாரு. ரூம் பாக்கற அந்தத் தம்பி வேணாம்னுதான் சொன்னான். நானும் அங்கதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

"கையெழுத்து என்னுதும்மா" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரைப் பார்க்கக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார் என்று அன்று அவர் சொன்னது உண்மை தெரிய வேண்டும் என்றா, அல்லது பழி வேறு எங்காவது போய் விழட்டும் என்றா? இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம், நான் கேட்காமலே, "வாங்க, போய்ச் சொல்லிடலாம்" என்று எழுந்தவரும் அவர்தான்.

முதலாளி நான் பேசி முடிக்கும் வரை மேசை மேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத உனக்கு யாரு சொன்னா?"

வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. "யாரும் சொல்லல சார். நான் வீட்ல செஞ்சு பாத்தேன்."

"வீட்டு மிக்ஸில அடிச்சத வெச்சுகினு என் ஃபேக்டரியப் பத்திப் பேசறியா?"

"இங்கயே செஞ்சு பாக்கலாம் சார். கடைசி லோடு அல்போன்சா ரூம்ல இருக்கு. நீங்களே எடுத்துக் குடுங்க."

அவர் எழுந்து போய்த் தானே பழத்தை எடுத்து வந்தார். பாதி கனிந்தது, முழுக்கக் கனிந்தது. மேனேஜர் தன் கையால் சோதனை செய்தார். நான் எண்களை மட்டும் போட்டேன். அதே பதில்தான் வந்தது. முதலாளி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கலப்படம் இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றார் மேனேஜரிடம். "கனிவு பத்தல, அவ்ளோதான்னு எழுதுங்க." கதவு வரை போய், "அவன வரச் சொல்லுங்க" என்றார். லீவில் போனவனைக் கூப்பிடச் சொல்வது போல இருந்தது அந்தக் குரல்.

அந்த டிரம்களை ஜூஸ் கம்பெனி திருப்பி அனுப்பியது. ஆனால் வாங்குவதை நிறுத்தவில்லை. முதலாளிக்கு முதலிலேயே தெரியுமா என்பதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தான் ஓட்டச் சொன்னது அவருக்கு மறந்தே போயிருக்கலாம். பரபரப்பான நாளில் சொன்ன நூறு வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அல்லது நன்றாகத் தெரிந்திருந்து, ஒரு திருடன் கிடைத்தால் வசதி என்று நினைத்திருக்கலாம். அவர் பண்டிகைக்கு எல்லார் வீட்டுக்கும் இனிப்பு அனுப்புபவர். பின்னாளில் என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர். அதையெல்லாம் ஒரு பக்கம் வைத்தும் பார்த்துவிட்டேன். அவரை எந்தப் பக்கம் போடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த அண்ணன் அந்த சீசனில் வரவில்லை. நான் போன் செய்தேன். "சரிம்மா, தெரிஞ்சுது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நன்றி எதிர்பார்த்து நான் பேசவில்லை. இருந்தாலும் அந்தக் குரலில் இருந்த வெறுமை பிடிக்கவில்லை. அவரை வெளியே அனுப்பிய கோட்டைப் போட்டவளும் நீதானே என்று கணவர் சொன்னார். அது சரிதான் என்பதால் இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த சீசனுக்கு முன் முதலாளி நேரில் அந்தக் கிராமத்துக்குப் போய் அவரைக் கூட்டி வந்தார். பழம் கனிய வைக்க அவரை விட்டால் ஆளில்லை. தான் சரி என்று சொல்லாமல் எந்த அறையையும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த சீசனில் என் கணக்கை ஒவ்வொரு அறைக்கும் ஓட்டுவதற்கு முன்னாலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். நான் சம்மதித்தேன். ஆனால் இரண்டு குவியலுக்குப் பதிலாக நான்கு வைத்தேன். கனியாத அல்போன்சாவுக்கு ஒன்று. எதனோடும் ஒட்டாமல் தூரமாக விழுவதற்கு ஒன்று.

"அந்த நாலாவது என்னா?" என்று கேட்டார் முதலாளி.

"தெரியலன்னு அர்த்தம் சார்."

"தெரியலன்னு சொல்றதுக்கா சம்பளம் குடுக்கறேன்?"

"அது வந்தா நிறுத்தி வெச்சுப் பாக்கணும் சார். அதுக்குத்தான்."

அவருக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் லோடு அல்போன்சா பழுத்தபோது, சோதனைக்கு எடுத்த பழங்கள் கனியாத குவியலில் விழுந்தன. நானே அறைக்குப் போய்ச் சொன்னேன். அந்த அண்ணன் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை. போன சீசனுக்குப் பிறகு நாங்கள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இன்னும் கனியலன்னுதான் வருதுண்ணே."

"உங்க கணக்கு சரியா இருக்கலாம்மா" என்றார். "நான் ஒருவாட்டி அறுத்துப் பாத்துக்கறேன்."

உள்ளே போய் வேறு வேறு இடத்திலிருந்து பழங்களை எடுத்து வந்து, என் முன்னாலேயே அறுத்தார். கொட்டையை ஒட்டி வெளுப்பு இருந்தது. கதவைத் திரும்பச் சாத்தினார்.

மறுநாள் காலை அவர் ஆள் விட்டு, பழம் ஆகிவிட்டது, ஓட்டலாம் என்று சொல்லியனுப்பினார். நான் அந்த ஆளை நிற்க வைத்துவிட்டு, "நானும் ஒருவாட்டி போட்டுப் பாத்துக்கறேன்" என்று லேப் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சோதனைக்குப் பழம் எடுத்து வந்தேன்.